ஆட்கொணர்வு ஆணையின் எல்லைகள்: பம்பாய் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

ஒருவரைக் காவலில் வைத்திருப்போர் அவரை நீதிபதியின்முன் கொணர்ந்து, எந்தச் சட்டத்தின்படி அவரை அடைத்துவைத்துள்ளனர் என்பதைக் கூற வேண்டும் என நீதிமன்றம் இடும் கட்டளை ஆட்கொணர்வு ஆணை எனப்படும். தனிமனித விடுதலையின் காவலாக இதனைச் சட்ட நூலார் போற்றுவர். ஆயினும் ஓர் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அது யாரை எட்டுகின்றது என்பது வேறு. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். இன்று இம்மூன்றும் ஒரே மாநகரின் பகுதிகள். ஆனால் ஆட்கொணர்வு ஆணையின் வரலாற்றில் முதலிரண்டு இடங்களுக்கும் மூன்றாவது இடத்திற்கும் இடையே நெடுங்காலம் ஒரு கோடு கிடந்தது. கோட்டுக்குத் தெற்கே அடைக்கப்பட்டவருக்கு இருந்த உரிமை வடக்கே அடைக்கப்பட்டவருக்கு இல்லை. அக்கோடு எவ்வாறு இடப்பட்டது, எப்போது அழிந்தது, அழிந்தபின் வேறு எவ்வடிவங்களில் தோன்றியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்னும் இலத்தீன் தொடர் 'நீ உடலை உடையையாக இரு' என்னும் பொருளது. காவலில் வைத்திருப்பவரை நோக்கி மன்றம் கூறும் முன்னிலைக் கூற்று இது. தமிழில் 'ஆட்கொணர்வு' என்னும் ஆக்கம் நிலைபெற்றுள்ளது. இதில் இரு நுட்பங்கள் நோக்கத்தக்கன. மூலத்தில் 'உடல்' என்றிருப்பது தமிழில் 'ஆள்' என மாறியுள்ளது. உடல் என்பது உயிரற்றதையும் குறிக்கும். ஆள் என்பது பெயரும் உறவும் பேச்சும் உடைய மனிதரைக் குறிக்கும். அடுத்து, 'கொணர்தல்' என்னும் வினை கொண்டுவருதல் என்னும் பொருளில் சங்க காலம் தொட்டு வழங்கி வருவது. எனவே தொடர் புதிதாயினும் அதன் உறுப்புகள் பழமையானவை.

இவ்வாணையில் மன்றம் முதலில் கேட்கும் வினா 'இவர் குற்றவாளியா?' என்பதன்று, 'இவரை அடைத்துவைக்க உனக்கு என்ன அதிகாரம்?' என்பதே. விடையளிக்கும் கடமை காவலில் வைத்தவரைச் சார்ந்தது. சிறைப்பட்டவர் தாமே மனுச் செய்ய வேண்டும் என்பதுமில்லை. தாய், மனைவி, நண்பர் என யாரும் அவர்பொருட்டு மன்றத்தை அணுகலாம். இவ்விரு கூறுகளையும் மனத்திற்கொண்டு சிலப்பதிகாரத்தை நோக்குவது பயன்தரும்.

சிலம்பைக் கொணர்தலும் ஆளைக் கொணர்தலும்

கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் பாண்டியனிடம் சென்று, அரசியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என முறையிடுகின்றான். ஊடியிருந்த தேவியைக் காண விரைந்த மன்னன் அங்கேயே காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு பணித்துவிடுகின்றான். இங்கு அரசன் கொணரச் சொன்னது சிலம்பை, ஆளை அன்று. பொருள் அரசவைக்கு வந்தது. அதனை வைத்திருந்தவனின் சொல் வரவில்லை. கோவலனை நேரில் கண்ட காவலர் இவன் கள்வன் போலத் தோன்றவில்லை எனத் தயங்கியதையும், பொற்கொல்லன் களவு நூல் பேசி அவர்தம் தயக்கத்தைப் போக்கியதையும் இளங்கோவடிகள் காட்டுகின்றார். நேரில் காண்பது ஐயத்தை எழுப்பும். அந்த ஐயம் அரசனிடத்தில் எழ வாய்ப்பில்லாமற் போயிற்று.

வழக்குரை காதையில் நிகழ்வது இதன் மறுதலை. கோவலனுக்கு மறுக்கப்பட்ட அவைமுறை கண்ணகிக்குக் கிட்டுகின்றது. வாயிலோன் செய்தி கூறுகின்றான். மன்னன் உள்ளே வரவிடுகின்றான். யார் என வினவுகின்றான். அவள் கூற்றைக் கேட்கின்றான். சான்றுப் பொருளாகிய சிலம்பை முன்வைக்கச் செய்கின்றான். இம்முறை முந்தைய நாள் பின்பற்றப்பட்டிருப்பின் காப்பியமே வேறாகியிருக்கும். ஆள் வராத நீதி எங்ஙனம் பிழைக்கும் என்பதற்குத் தமிழ் மரபு தந்துள்ள பெருஞ்சான்று இது. ஆட்கொணர்வு ஆணை இங்கிலாந்தில் உருவாகி, 1679ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்று, குடியேற்ற ஆட்சியின் வழியாக இந்தியாவிற்கு வந்தது என்பதில் ஐயமில்லை. அதனைச் சிலம்பில் தேடிக் கண்டதாகக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. எந்தக் குறையைப் போக்க அவ்வாணை எழுந்ததோ அக்குறையைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தனர் என்பதே கருத்தாகும்.

தீவின் எல்லை

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருவகை நீதிமன்றங்கள் இருந்தன. மாகாணத் தலைநகரங்களில் இங்கிலாந்து மன்னரின் பட்டயத்தால் அமைந்த மன்றங்கள் ஒருவகை. உள்நாட்டுப் பகுதிகளில் கம்பெனியே அமைத்த அதாலத்துகள் மற்றொரு வகை. கல்கத்தாவில் 1774இலும், சென்னையில் 1801இலும், பம்பாயில் 1824இலும் முதல்வகை மன்றங்கள் 'சுப்ரீம் கோர்ட்' என்னும் பெயரில் செயற்படத் தொடங்கின. பம்பாய் மன்றத்திற்கு 1823 டிசம்பரில் பட்டயம் வழங்கப்பட்டது. அதன் முதல் தலைமை நீதிபதி சர் எட்வர்டு வெஸ்ட் ஆவார்.

இம்மன்றத்தின் நிலவழி அதிகாரம் பம்பாய் நகருக்கும் தீவுக்கும் உரியது. தீவின் வடவிளிம்பில் மாகிம் கழிமுகத்தை ஒட்டி இருந்தது தாராவி என்னும் மீனவர் குடியிருப்பு. இன்றும் தாராவியில் 'காலா கில்லா' என்றழைக்கப்படும் சிறு கோட்டை ஒன்று நிற்கின்றது. ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என அதன் கல்வெட்டு கூறுகின்றது. ஆங்கிலேயரின் தீவு முடியும் இடத்தைக் காக்க எழுந்த கோட்டை அது. மாட்டுங்கா இக்கோட்டுக்குத் தெற்கே தீவுக்குள் அடங்கும். கழிமுகத்திற்கு அப்பாலிருந்த செம்பூரோ சால்செட் பகுதியைச் சார்ந்தது. அதன் ஆட்சித் தலைமை தாணாவில் இருந்தது. கோட்டைக்காக இடப்பட்ட எல்லை பின்னர் உரிமைக்கும் எல்லையாயிற்று. அதற்குக் காரணமானவை 1828இல் எழுந்த இரு வழக்குகள்.

1828: மன்றமும் ஆளுநரும்

முதல் வழக்கு பாப்பு கணேஷ் என்பவரைப் பற்றியது. அவர் கம்பெனி நீதிமன்றத்தின் ஆணையால் தாணாச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். அவரைக் கொணருமாறு சிறைக்காவலருக்கு சுப்ரீம் கோர்ட் ஆணை அனுப்பியது. இரண்டாவது வழக்கு மோரோ ரகுநாத் என்னும் பதினான்கு அகவைச் சிறுவனைப் பற்றியது. புனாவில் தன் மூத்த உறவினரான பாண்டுரங் ராம்சந்திராவின் பொறுப்பில் அச்சிறுவன் இருந்தான். அவன் முறைகேடாகத் தடுத்துவைக்கப்பட்டுள்ளான் என்னும் முறையீட்டின்பேரில், அவனைக் கொணருமாறு பாண்டுரங்குக்கு ஆணை பிறந்தது.

ஆளுநர் சர் ஜான் மால்கம் இவ்வாணைகளை ஏற்கவில்லை. பேஷ்வா ஆட்சி வீழ்ந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. தக்காணப் பிரபுக்களைத் தன்வயப்படுத்தி வைத்திருப்பது கம்பெனியின் அரசியல் தேவையாக இருந்தது. புனாவில் வாழும் உயர்குடியினரைத் தீவிலிருந்து ஒரு மன்றம் அழைக்குமாயின் தம் ஆட்சியின் மதிப்புக் குலையும் என மால்கம் கருதினார். 1828 அக்டோபர் 3ஆம் நாள் அவரும் அவர்தம் ஆலோசனைக் குழுவினரும் நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதினர். இத்தகைய ஆணைகளுக்கு இனி விடையளிக்க இடந்தர இயலாது என்பது அதன் சாரம்.

இதற்கு முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், தலைமை நீதிபதி வெஸ்ட் இறந்துவிட்டார். கடிதம் கண்ட இரு நீதிபதிகளான சர் சார்லஸ் சேம்பர்ஸும் சர் ஜான் பீட்டர் கிராண்டும் மன்றத்தின் கடமையில் அரசு தலையிடுவது தகாது என வெளிப்படையாக அறிவித்தனர். அக்டோபர் நடுப்பகுதியில் சேம்பர்ஸும் மறைந்தார். தனித்து நின்ற கிராண்ட் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. மன்னர் மன்றத்திற்குரிய அதிகாரம் பட்டயத்தால் தம் மன்றத்திற்கும் வழங்கப்பட்டுள்ளது. மன்னரின் குடிமகன் எங்கு அடைக்கப்பட்டாலும் காரணம் கேட்கும் உரிமை மன்றத்திற்கு உண்டு என்பது அவர் கொள்கை. ஆணையை நிறைவேற்ற அரசு துணைசெய்யாத நிலையில் 1829 ஏப்ரல் முதல் நாள் அவர் மன்றத்தையே மூடினார். தன் சொல்லுக்கு விடை கிடைக்காத மன்றம் திறந்திருப்பதில் பொருளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

இங்கிலாந்தில் கம்பெனி ஆட்சியை மேற்பார்வையிட்ட வாரியத்தின் தலைவராக அன்று எலன்பரோ பிரபு இருந்தார். இரண்டு புதிய நீதிபதிகளை அனுப்புவதாகவும், அவர்களிடையே கிராண்ட் பழகிய யானை இரண்டின் நடுவே அகப்பட்ட காட்டு யானையைப் போல இருப்பார் எனவும் அவர் மால்கமுக்கு எழுதினார். தனிக்கடிதமாகிய அது பின்னர் வெளியாகிப் பெரும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. நீதிபதியை ஆட்சியாளர் எவ்வாறு நோக்கினர் என்பதற்கு அவ்வுவமை சான்று.

நீதிபதிகளின் முறையீட்டை ஆராய்ந்த பிரிவி கவுன்சில் 1829 மே மாதத்தில் தன் முடிவைத் தெரிவித்தது. மன்றத்தின் நில எல்லைக்குள் வாழ்வோருக்கும், எல்லைக்கு வெளியே இருந்தாலும் மன்றத்தின் ஆள்வழி அதிகாரத்திற்கு உட்பட்டோருக்கும் மட்டுமே ஆட்கொணர்வு ஆணை அனுப்பலாம். உள்நாட்டு நீதிமன்றத்தின் சிறைக்காவலருக்கு அப்பதவி பற்றி ஆணையிட இயலாது. உள்நாட்டு நீதிமன்றத்தால் சிறைப்பட்டவரை விடுவிக்கும் அதிகாரமும் சுப்ரீம் கோர்ட்டுக்கு இல்லை என அது கூறிற்று. மால்கம் வென்றார். சட்டநுட்பத்தின்படி இம்முடிவுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் அதன் விளைவு கருதத்தக்கது. கழிமுகத்தின் இக்கரையில் அடைக்கப்பட்டவருக்காக மன்றம் வினவும். அக்கரையில் கம்பெனிச் சிறையில் அடைக்கப்பட்டவருக்காக அது வினவாது.

எல்லைக்கு அப்பால் இருந்தோர்

1862இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தோன்றி, இருவகை நீதிமன்றங்களும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. எனினும் கோடு அழியவில்லை. 1872ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடிமக்களுக்குத் தலைநகர எல்லைக்கு வெளியிலும் உயர்நீதிமன்றத்தை அணுக வழிவகுத்தது. இந்தியர்க்கு அவ்வழி இல்லை. 1882, 1898ஆம் ஆண்டுச் சட்டங்களின் 491ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்தின் நேரடி உரிமையியல் அதிகார எல்லைக்குள் மட்டுமே, அதாவது பம்பாயைப் பொறுத்தவரை நகருக்கும் தீவுக்கும் உள்ளே மட்டுமே, இந்த உரிமையை அளித்தது. 1923ஆம் ஆண்டுத் திருத்தமே உயர்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரம் செல்லும் இடமெங்கும் அதனை விரித்தது.

இந்த இடைக்காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் குடியேறினர். 1923க்கு முன் தாராவியில் அடைக்கப்பட்ட ஒரு தொழிலாளிக்கு ஏட்டளவிலேனும் இருந்த உரிமை, கழிமுகத்தைக் கடந்து செம்பூர்ப் பக்கம் அடைக்கப்பட்டவருக்கு இல்லை என்பதை இதனால் அறியலாம்.

நிலக்கோட்டினும் வலிய விலக்கு ஒன்றும் இருந்தது. விசாரணையின்றி ஒருவரை அரசுக் கைதியாக வைக்க வகைசெய்யும் ஒழுங்குவிதிகள் வங்காளத்தில் 1818இலும், சென்னையில் 1819இலும், பம்பாயில் 1827இலும் இயற்றப்பட்டன. இவற்றின்படி காவலில் உள்ளோர்க்கு 491ஆம் பிரிவு பொருந்தாது என அப்பிரிவே கூறியது. 1897இல் புனாவில் பிளேக் நோய்த்தடுப்பு அதிகாரி ராண்ட் சுடப்பட்டபின் நாத்து சகோதரர் இருவர் பம்பாய் ஒழுங்குவிதியின்படி விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டிருந்தால் அவர்கள் நீதிமன்றத்தைக் கண்டிருப்பர். குற்றம் சாட்டப்படாமையாலேயே காண இயலவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகள் இவ்விலக்கை விரிவாக்கின. பம்பாய் மாகாணத்தில் 26ஆம் விதியின்படி காவலில் வைக்கப்பட்ட கேசவ் தல்பாடேயின் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தை அடைந்தது. தலைமை நீதிபதி சர் மாரிஸ் குவையர் தலைமையிலான அமர்வு 1943 ஏப்ரல் 22இல் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 28இல், அரசு அவசரச் சட்டம் ஒன்றால் அவ்விதிக்கு மீண்டும் உயிர் தந்தது. 1828இல் அரசு மன்றத்திற்கு விடையளிக்க மறுத்தது. 1943இல் விடையளித்துத் தோற்றபின் சட்டத்தையே மாற்றியது.

அரசியலமைப்பும் அவசரநிலையும்

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு 32, 226ஆம் உறுப்புகளின் வழியே ஆட்கொணர்வு ஆணையை உச்ச நீதிமன்றத்திற்கும் உயர்நீதிமன்றங்களுக்கும் உரியதாக்கியது. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் கொணர வேண்டும் என 22ஆம் உறுப்பு விதித்தது. அதே ஆண்டில் செம்பூர் உள்ளிட்ட புறநகர்கள் பம்பாய் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. நகரக்கோடும் உரிமைக்கோடும் ஒருசேர மறைந்தன எனலாம்.

ஆனால் அதே 22ஆம் உறுப்பு தடுப்புக்காவலுக்கும் இடமளித்தது. அதன்கீழ் எழுந்த முதற்பெருவழக்குத் தமிழ் நிலத்தைச் சார்ந்தது. சென்னை மாகாணச் சிறையிலிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் தம்மைக் கொணருமாறு உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். 1950 மே 19ஆம் நாள் அம்மன்றம் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவை மட்டும் நீக்கி, ஏனையவற்றை ஏற்றது.

இரண்டாவது கோடு காலத்தின்மீது இடப்பட்டது. 1975 சூன் 25இல் உள்நாட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சூன் 27இல் குடியரசுத் தலைவரின் ஆணை 14, 21, 22ஆம் உறுப்புகளுக்காக நீதிமன்றம் செல்லும் உரிமையை நிறுத்திவைத்தது. மிசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அடைக்கப்பட்டோர் உயர்நீதிமன்றங்களை நாடினர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு உட்பட ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அம்மனுக்களைக் கேட்கத் தமக்கு அதிகாரம் உண்டு எனக் கூறின. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் நால்வர்க்கு ஒருவர் என்னும் அளவில் அதனை மறுத்தது. மாறுபட்டவர் நீதிபதி எச். ஆர். கன்னா. காவலர் ஒருவர் சட்டத்திற்குப் புறம்பாக ஒருவரைக் கொன்றாலும் அவசரநிலை முடியும்வரை தீர்வில்லையா என அவர் வினவியதும், இல்லை என அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே விடையிறுத்ததும் அறியப்பட்டவை.

அவ்வினா வெறும் கற்பனையன்று. 1976 சனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டனர். அங்குக் காயமுற்ற சி. சிட்டிபாபு 1977 சனவரியில் இறந்தார். கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் ராஜன் 1976 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்டார். அவசரநிலை நீங்கியதும் 1977 மார்ச் இறுதியில் அவர் தந்தை ஈச்சர வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். மன்றம் மகனைக் கொணருமாறு ஆணையிட்டது. அரசால் அவரைக் கொணர இயலவில்லை. ராஜன் அதற்கு முன்னரே காவலில் இறந்திருந்தார். ஓராண்டு காலம் அவ்வினா எழ முடியாமற் போனதன் விலை அது.

இங்கு மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. இராமநாதபுரம் மாவட்டப் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாயில் கடத்தல் தொழிலின் தலைவராக அறியப்பட்ட ஹாஜி மஸ்தானும் அக்காலத்தில் விசாரணையின்றிக் காவலில் இருந்தவரே. அத்தகையோர்க்கு நீதிமன்றம் எதற்கு எனப் பொதுமக்கள் கேட்கக்கூடும். கோவலனும் மதுரைக்குக் கள்வனாகவே அறிவிக்கப்பட்டான். குற்றவாளி எனப் பலரும் நம்பும் ஒருவரையும் கொணர்க என்று கூறும்போதே இவ்வாணை தன் பொருளைப் பெறுகின்றது. நல்லவர் என முன்பே முடிவுகட்டப்பட்டவர்க்கு மட்டும் உரியதாயின் அதற்குத் தேவையே இராது.

1978ஆம் ஆண்டின் 44ஆம் அரசியலமைப்புத் திருத்தம், அவசரநிலையிலும் 20, 21ஆம் உறுப்புகளை நிறுத்திவைக்க இயலாது என வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தவறென நீக்கியது. அன்று பெரும்பான்மையில் இருந்த ஒய். வி. சந்திரசூட்டின் மகனான டி. ஒய். சந்திரசூட்டே அதனை எழுதியவர்களுள் ஒருவர்.

மொழி என்னும் எல்லை

மூன்றாவது கோடு மொழியின்மீது கிடப்பது. மொழிபெயர் தேயத்தில் வாழும் தமிழர்க்கு இது மிக நெருங்கியது. தடுப்புக்காவலில் வைக்கப்படுபவருக்கு அதற்குரிய காரணங்களை அறிவித்து, மறுப்புரைக்க விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என 22(5)ஆம் உறுப்பு கூறுகின்றது. 'அறிவித்தல்' என்றால் என்ன என்னும் வினா மகாராஷ்டிரத்திலிருந்தே எழுந்தது. 1962இல் தீர்க்கப்பட்ட ஹரிகிஷன் வழக்கில், இந்தி மட்டும் அறிந்த ஒருவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் மொழிபெயர்ப்புக் கேட்டார்; மறுக்கப்பட்டது. காவல்துறை அதிகாரி வாய்மொழியாக விளக்கியதே போதும் என அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காமல் அவரை விடுவித்தது. காரணம் அவர் அறிந்த மொழியிலும் எழுத்திலும் அவர் கைக்கு வர வேண்டும். அதுவே அறிவித்தல் என்பது அதன் கருத்து. லல்லுபாய் படேல் வழக்கில் குஜராத்தி மொழிக்கும், 1999இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில் தமிழுக்கும் இக்கொள்கை பொருத்தப்பட்டது. பின்னதில், ஆங்கிலத்திலிருந்த ஆவணம் ஒன்றின் தமிழாக்கம் தரப்படாமையால் காவலாணை நீக்கப்பட்டது.

மகாராஷ்டிரம் 1981இல் குடிசைப்பகுதி நில ஆக்கிரமிப்பாளர், கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், அபாயகரமானோர் ஆகியோரைத் தடுத்துவைக்கும் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு 1982இல் இதனையொத்த சட்டம் கண்டது. மக்கள் அதனைக் குண்டர் சட்டம் என்பர். குடிசைப்பகுதியைச் சட்டத்தின் பெயரிலேயே சுட்டும் ஒரு மாநிலத்தில், தாராவியில் தமிழன்றி வேறு எழுத்தறியாத ஒருவருக்கு மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் காரணம் வழங்கப்படுமாயின், அவர் அதற்கு விடை எழுத இயலாது. நீதிமன்றம் அணுகும் தொலைவில் இருந்தும் அவர் 1829இன் எல்லைக்கு அப்பால் நின்றவரைப் போன்றவரே. இந்நிலையில் மேற்கண்ட தீர்ப்புகள் அவருக்குத் துணை. மொழிபெயர்ப்பு என்பது இலக்கியப் பணி மட்டுமன்று. ஒருவரின் விடுதலை அதனைப் பொறுத்திருக்கும் தருணங்களும் உண்டு என்பதைத் தமிழ்த்துறையினர் கருத வேண்டும்.

கொணராமலே வினவுதல்

1973இல் கனு சன்யால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆளை நேரில் கொணர்வது ஆட்கொணர்வு விசாரணையின் கட்டாயக் கூறன்று. காவலின் சட்டத்தகுதியை ஆராய்வதே அதன் உள்ளீடு எனக் கூறியது. 1980இல் ஒரு தாய் தன் மகனுக்காகத் தொடுத்த இச்சு தேவி வழக்கில், மனுவின் வடிவம் பற்றிக் கடுமை காட்டலாகாது. சட்டப்படி நடந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்புக் காவலில் வைத்தவருடையது என வலியுறுத்தியது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஆணையின் உயிர் 'கொணர்தல்' என்னும் வினையைவிட 'விடையளித்தல்' என்னும் கடமையில் இருப்பது புலனாகும்.

ஆயினும் நேரில் கொணர்தலின் பயனை முற்றும் தள்ளிவிட இயலாது. குற்ற வழக்குகளில் கைதானவரை நடுவர்முன் நிறுத்தும் முறையிலும் இதனைக் காணலாம். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காவல்துறைக் காவலில் உள்ளவரை நடுவர்முன் நேரில் கொணர வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது காணொலி வழியாகவும் அவரைக் காட்டலாம். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. காவல்துறையின் கையில் இருக்கும்வரை உருவம் போதாது, ஆள் வேண்டும் எனச் சட்டம் கருதுவதன் காரணம் வெளிப்படை. கோவலனைக் கண்ட காவலருக்கு எழுந்த ஐயம் கண்டமையால் எழுந்தது. உடலில் உள்ள காயம் நேரில் நின்றால்தான் தெரியும்.

முடிவுரை

பம்பாயில் ஆட்கொணர்வு ஆணையின் வரலாறு அதன் எல்லைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. 1829இல் நிலத்தின்மீது இடப்பட்ட கோடு 1923இலும் 1950இலும் அழிந்தது. அவசரநிலையில் காலத்தின்மீது இடப்பட்ட கோடு 1978இல் திருத்தத்தாலும் 2017இல் தீர்ப்பாலும் அழிந்தது. மொழியின்மீதுள்ள கோடு தீர்ப்புகளால் அழிக்கப்பட்டும், ஒவ்வொரு காவலாணையிலும் மீண்டும் இடப்படும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் அழிக்கப்பட வேண்டியது.

இவ்வரலாற்றில் அரசு தோற்ற இடங்களைவிட அரசு விடையளிக்க மறுத்த இடங்களே அச்சந்தருவன. பாண்டியன் பிழைத்தான், ஆனால் வாயிலில் நின்றவளை உள்ளே அழைத்து அவள் வினாவுக்குச் செவிசாய்த்தான். மால்கம் அவ்வாயிலை அடைக்க முயன்றார். மன்றம் தானே கதவை மூடி அதனை உலகறியச் செய்தது. தாராவியின் காலா கில்லா இன்று குடியிருப்புகளின் நடுவே எவர்க்கும் எல்லையாக இல்லாமல் நிற்கின்றது. அதனைக் கடந்து செம்பூர் செல்லும் தமிழர்க்கு ஒருகாலத்தில் அங்கே ஓர் உரிமை முடிந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். முடிந்த இடம் தெரிந்தால்தான் அது மீண்டும் எங்கே முடிக்கப்படுகின்றது என்பதைக் கண்டுகொள்ள இயலும்.